மார்கழியில் கேட்ட உத்தரவு

எங்கள் வீட்டில் பல்லி சொல்லாமல் எந்தக் காரியமும் தொடங்கியதில்லை. கேட்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும், ஏனென்றால் நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் மலையின் ஒரு பகுதியான குண்டூர் நாட்டில், எங்கள் சிற்றூரில் முதலில் ஞானஸ்நானம் எடுத்தவர் என் அப்பா. நான் பிறப்பதற்கு முன்பே பங்காளிகளின் கோயிலை விட்டு வந்துவிட்டார். ஆனால் சாமியிடம் கேட்கிற முறையை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

அந்தக் கோயிலில் திருவிழாவுக்கு நாள் குறிப்பது, பெண் எடுப்பது, புதுக்காடு திருத்துவது என்று எதுவானாலும் ஆண்கள் சாமி முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் எங்காவது பல்லி சத்தம் கொடுத்தால், உத்தரவு ஆகிவிட்டது என்று எழுந்து போவார்கள். கொடுக்காவிட்டால் இன்னொரு நாள் வந்து உட்காருவார்கள். அப்பா இதையே ஜெபமாக ஆக்கிக்கொண்டார். மரவள்ளி நடுவதற்கு முன், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிப்பதற்கு முன், விடிந்ததும் முன்னறையில் முழங்கால் போடுவார். கேட்க வேண்டியதைச் சத்தமாகக் கேட்பார். பிறகு கண்ணை மூடிக் காத்திருப்பார். ஓட்டுக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்ததும் "ஸ்தோத்திரம்" என்று எழுந்து துண்டை உதறுவார். என்னைக் கீழே காலேஜுக்கு அனுப்பியதும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அதற்கும் ஒரு பல்லி கையெழுத்துப் போட்டிருக்கிறது.

எல்லாக் கிறிஸ்தவர்களும் இப்படித்தான் செய்வார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஹாஸ்டலில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஜெபிப்போம். ஒருநாள் தேவசித்தத்துக்குக் காத்திருப்பது எப்படி என்று பேச்சு வந்தது. எங்கள் வீட்டில் பல்லி சொல்லும்வரை காத்திருப்போம் என்று நான் சாதாரணமாகச் சொன்னேன். அறையே சிரித்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன், "உங்க பல்லி எந்தச் சபைல உறுப்பினர்?" என்று கேட்டான். நானும் சேர்ந்து சிரித்தேன். நான் படித்தது விலங்கியல். பல்லி எதற்காகச் சத்தம் கொடுக்கிறது, குளிரில் ஏன் ஒடுங்கிக் கிடக்கிறது என்பதெல்லாம் அந்த வருடம் பாடமாகவே வந்தது. அப்பாவிடம் போய் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அவர் கேட்டார், உத்தரவு வாங்கினார், வேலையைப் பார்த்தார். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, கால் விஷயம் வரும்வரை.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவே வேலை செய்துகொண்டிருந்தபோது வெட்டிய தூர் ஒன்று அப்பாவின் இடது பாதத்தில் ஏறிவிட்டது. அது அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை நோய் பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. நாள் முழுக்க அதோடு நடந்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்குள் வந்தபோது தரையில் ரத்தத் தடம் விழுவதைப் பார்த்து அம்மாதான் உட்காரவைத்தார். மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினார்கள். சோளக்காடு ஊர் மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போட்டார்கள். வெளியில் தோல் மூடியது. உள்ளே மூடவில்லை.

நான் அப்போது கீழே சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். மார்கழியில் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே வாடை தெரிந்தது. கட்டைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு விரல்கள் கருத்திருந்தன. மறுநாளே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் இளம் வயதுக்காரர், பொறுமையாகச் சொன்னார். இப்போதே எடுத்தால் பாதத்தின் முன்பாதியோடு போகும். தள்ளிப்போட்டால் முழங்கால் வரை போக வேண்டியிருக்கும். அதற்கும் மேலே தள்ளிப்போட்டால் ஆளுக்கே உத்தரவாதம் கிடையாது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கும்பிட்டு, "ஆண்டவர்கிட்டக் கேட்டுட்டு வாரேனுங்க" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மருந்துச் சீட்டுக்குக் கையை நீட்டினேன். எழுதிக்கொடுத்த மாத்திரைகளை வாங்கிக்கொண்டு மலையேறினோம்.

கால் என்பது எங்கள் ஊரில் நடப்பதற்கு மட்டும் இல்லை. தை பிறந்தால் மிளகு பறிப்பு. ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கிளையின் அடிக்கட்டையை விட்டு வெட்டியதுதான் எங்கள் ஏணி. அதைச் சில்வர் ஓக்கில் சாத்தி, பாதத்தின் நடுக்குழியால் கணுவைப் பற்றிக்கொண்டு மேலே போக வேண்டும். அப்பா அந்த ஏணியில் நிற்கும்போது இரண்டு கையும் கொடியில்தான் இருக்கும். பாதி பாதம் இல்லாதவன் அதில் ஏற முடியாது. டாக்டர் பேசப் பேச அப்பா கணக்குப் போட்டது இதைத்தான் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் விடிகாலையில் முன்னறையில் உட்கார்ந்தார். முழங்கால் போட முடியவில்லை, பலகையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "கர்த்தாவே, வெட்டலாமா வேண்டாமா, நீரே சொல்லும்" என்றார். கண்ணை மூடினார். மூடுபனி கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அம்மா அடுப்பங்கரையில் பாத்திரம் வைக்கிற சத்தம்கூட இல்லாமல் நின்றார். ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் எழுந்து, "இன்னும் சொல்லல, காத்திருப்போம்" என்பார். முகத்தில் ஒரு சாந்தம்கூட இருக்கும். நான் கட்டைப் பிரிப்பேன். கருப்பு ஒரு விரல்கடை மேலே வந்திருக்கும்.

பாஸ்டர் வந்து ஜெபித்தார். போகும்போது, ஒருவேளை ஆண்டவர் டாக்டர் வாயிலாகவே பேசிவிட்டாரோ என்னவோ என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். அப்பா அவருக்கு வெறுங்காப்பி கொடுக்கச் சொன்னார், மரியாதையாகத் தலையாட்டினார், அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டார்.

பிறகு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, தேவனூர் நாட்டுக்காரர். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி வைத்துப் பலாவும் வாழைத்தாரும் சோளக்காட்டுச் சந்தைக்கு ஓட்டுகிறவர். சர்ச் பக்கம் வராதவர். அப்பா எதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"ஏனுங் மச்சான், எங்க சாமிய உட்டுட்டுப் போனீங்க, செரி. எங்க பல்லிய எதுக்கு ஓட்டிட்டுப் போனீங்க?"

அப்பா சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மாமா சிரிக்கவில்லை. காலைப் பார்த்துவிட்டு வெளியே போய் வண்டியில் சாய்ந்து நின்றவர், என்னைக் கூப்பிட்டு, நீ படித்தவன்தானே, சொல்லக்கூடாதா என்று கேட்டார்.

அன்று மத்தியானம் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அப்பாவை வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்துப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். நான் குனிந்தபடியே சொன்னேன். பல்லிக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது, வெளிச் சூட்டில்தான் அது நடமாடும், இந்தக் குளிருக்கு அது சந்து பொந்துகளில் ஒடுங்கியிருக்கும், தை மாசிக்கு முன்னால் சத்தம் போடாது. அவருடைய விசுவாசத்தின் அடிக்கல்லையே உருவுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா என் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் சாமி," என்றார். "மார்கழியில பல்லி எங்க கத்துது? எங்கப்பன் காலத்துலயே மார்கழியில ஒருத்தரும் உத்தரவு கேக்கமாட்டாங்க."

"அப்புறம் ஏனுங்கப்பா?"

அப்பா நீட்டியிருந்த காலைப் பார்த்தார். பிறகு தன் காலிடமே சொல்கிற மாதிரி சொன்னார்: "கேட்டுட்டே இருக்கற வரைக்கும் இது இருக்குமில்ல."

அம்மாவின் கத்தி நின்றது. அம்மா அதிகம் பேசுகிறவர் அல்ல. சபையில் சாட்சி சொல்லச் சொன்னால் எழுந்து நின்று அழுதுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அன்று கிழங்கைத் தட்டில் போட்டுவிட்டு, அப்பாவைப் பார்க்காமலே சொன்னார்.

"அப்ப நீங்க காத்திருக்கலீங்க. அவரத்தான் காக்க வெச்சிருக்கறீங்க."

நான் புதுத் துணி சுற்றிக் கட்டுப்போட்டேன். கண்ணீர் அப்பாவின் தாடியில் இறங்கி நிற்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். பயந்த ஒரு மனிதர், தன் பயத்தை ஜெபத்துக்குள் மறைத்து வைத்திருந்தார். யாரும் அதைத் தொட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஜெபிக்கிறவனை யார் எழுப்புவார்கள்? அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அந்த ஏணியைத் தவிர அவருக்கு வேறு என்ன இருந்தது?

மறுநாள் காலை அவர் முன்னறையில் உட்காரவில்லை. மாமாவை வரச்சொல்லு என்றார். குட்டியானையின் பின்னால் வைக்கோல் போட்டு மெத்தை விரித்துப் படுக்கவைத்தோம். அம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் நான் காலைப் பிடித்துக்கொண்டேன். அப்பா வாய்விட்டு ஜெபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிவாரத்தில் கரவள்ளி வந்து இறங்கும்வரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

டாக்டர் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் விரலால் முழங்காலுக்கு மேலே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான். பாதி பாதத்தோடு போயிருக்க வேண்டியது. எங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். அப்பா கண்ணை மூடினார். மறுபடியும் உத்தரவு கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து, "செரிங்க. ஆவட்டும்" என்றார். குரலில் தைரியம் எதுவும் இல்லை. உதடு காய்ந்திருந்தது. என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். ஆபரேஷன் அறை வாசலில்தான் விட்டார்.

உள்ளே இருந்த நேரத்தில் நானும் அம்மாவும் வராந்தாச் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஜெபிக்கத் தெரியவில்லை. அப்பாவைக் காப்பாற்றும் என்று கேட்கலாம். காப்பாற்றுவீரா சொல்லும் என்றும் கேட்கத் தோன்றியது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது பட்டது. பல்லியைப் பார்த்துச் சிரித்தவன்தான் நான். ஆனால் அந்தக் கதவு திறக்கிறபோது வெளியே வருகிறவர் முகம் எப்படி இருக்கும் என்பதையே அடையாளமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தார், மனம் லேசானது. இன்னொருவர் வேகமாகப் போனார், மனம் விழுந்தது. அம்மா எதையும் பார்க்கவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு, கையை மடியில் மலர்த்தி வைத்து உட்கார்ந்திருந்தார். என்ன கேட்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் கேக்கல கண்ணு. சும்மா இருக்கறேன்" என்றார்.

அப்பா பிழைத்து வெளியே வந்தார். காய்ச்சல் இறங்கவில்லை, இரண்டு நாள் போகட்டும் என்றார்கள். அப்போது ஊழியர் ஒருவர் வந்து, காலை என்ன செய்வது என்று கேட்டார். ஆஸ்பத்திரியிலேயே மற்றவற்றோடு எரித்துவிடலாம், அல்லது உறவுக்காரர்கள் வாங்கிக்கொண்டு போகலாம். எனக்கு விளங்கவே சற்று நேரம் ஆனது. அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் மலையில் செத்தவர்களை எரிப்பதில்லை, புதைப்பதுதான். கடைசி நாளில் எழுப்பப்படும்போது அவர் ஒற்றைக் காலோடு எழுந்து நிற்பதா என்பதும் அம்மாவுக்குள் ஓடியிருக்கும். "நம்ம மண்ணுக்குக் கொண்டு போயிருங்க" என்று என்னிடமும் மாமாவிடமும் சொன்னார்.

காலைச் சுற்றிக் கட்டி, ஆஸ்பத்திரிச் சீட்டோடு கொடுத்தார்கள். கனமாக இருந்தது. ஒரு கால் அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பின்னால் தனியாக வைக்க மனம் வரவில்லை. முன்சீட்டில் என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். அடிவாரச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். மடியில் என்ன என்று காவலர் கேட்டார். மாமா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், "எங்க மச்சான் காலுங்க" என்றார். குடிபோதை என்று நினைத்துக் காவலர் கதவைத் திறந்தார். சீட்டைப் படித்தார். கதவை மெல்லச் சாத்திவிட்டு, கம்பத்தைத் தூக்கிவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றார். மேலே ஏறும்வரை மாமா பாட்டுப் பெட்டியைப் போடவில்லை.

எங்கள் கல்லறைத் தோட்டம் காப்பிக்காட்டுச் சரிவில் இருக்கிறது. சபை ஆட்கள் மேற்கு ஓரத்தில் குழி வெட்டிவைத்திருந்தார்கள். குழந்தைக்கு வெட்டுகிற அளவு. பாஸ்டர் அங்கி போட்டுக்கொண்டு புத்தகத்தோடு நின்றார். புரட்டினார், மறுபடி புரட்டினார். ஆளுக்கு வாசிக்க முறை இருக்கிறது, குழந்தைக்கு இருக்கிறது, காலுக்கு இல்லை. செத்துப்போனவர் என்று சொல்ல முடியாது, அவர் கீழே காய்ச்சலில் கிடக்கிறார். நன்றி சொல்லவும் முடியாது. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டார். "சும்மா நிப்போம்" என்றார்.

நின்றோம். மூட்டையை நான்தான் இறக்கினேன். விரல்கள் மேலே பார்க்கிற மாதிரி வைக்கச் சொல்லி அம்மா அனுப்பியிருந்தார், அப்படியே வைத்தேன். மாமா தலைத்துண்டை எடுத்து அக்குளில் செருகிக்கொண்டார். யாரும் ஆமென் சொல்லவில்லை, அதனால் எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பனி சரிவிலிருந்து ஏறிவந்து எங்கள் எல்லோர் காலையும் மறைத்தது. அப்பா பிழைப்பாரா என்ற கேள்வி என்னிடம் இருந்தது. ஆனால் அதை எங்கேயும் அனுப்பத் தோன்றவில்லை. ஆண்டவர் அங்கே இருந்தார் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. அவர் முன்னால்தான் நிற்கிறேன் என்பதில் சந்தேகமும் இல்லை. என்னிடம் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு மாமாதான் மண்வெட்டியை எடுத்தார்.

அன்று சாயங்காலமே நானும் மாமாவும் கீழே திரும்பினோம். அப்பா விழித்திருந்தார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"மிச்சத்துக்குப் பக்கத்துல எடம் உட்டிருக்கறீங்களா?"

"உட்டிருக்குதுங்க."

"விரலு அரிக்குது சாமி," என்றார். இல்லாத காலின் விரல்கள். கோணலாகப் புதைத்தால் அப்படி இருக்கும், தோண்டி நேராக வைக்கட்டுமா என்று மாமா கேட்டார். நரம்பு அப்படி ஏமாற்றும் என்று டாக்டர் விளக்கினார். அப்பா இருவரையும் கேட்டுவிட்டு, "அது பாட்டுக்கு இருக்கட்டும். முன்னால போனது போனதுதான்" என்றார்.

காய்ச்சல் இறங்க வெகுநாள் ஆனது. தை முடிகிற சமயம் எங்கள் மரங்களில் வேறு ஆட்கள் ஏறினார்கள். அப்பா கீழே சாக்கு விரித்து, உதிர்ந்த மிளகைப் பொறுக்கினார். அண்ணாந்து பார்க்க மாட்டார். பல நாட்கள் யாரோடும் பேச மாட்டார். ஒருமுறை ஊன்றுகோலை வீசியடித்தார், அது அம்மாவின் தோளில் பட்டது. விசுவாசி என்றால் துக்கம் எளிதாகிவிடும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். விடிகாலையில் முன்னறையில் உட்காருவது மட்டும் நிற்கவில்லை. சத்தமாக எதுவும் கேட்பதில்லை. உட்காருவார், எழுந்திருப்பார். நானும் ஊரில் இருக்கும் நாட்களில் பக்கத்தில் உட்காருவேன். பல நாட்கள் குளிரும் பசியும் தவிர எனக்கு வேறு எதுவும் தெரிவதில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போவதற்கு முன் அவருக்குக் கால் கழுவிவிட்டேன். வலது பாதத்தில், சுண்டுவிரலுக்கு அடியில், ஒரு மிளகு அளவுக்குக் கருப்பாக இருந்தது. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன். போகவில்லை. அழுத்தினால் தெரிகிறதா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். பிறகு குனிந்து பார்த்தார்.

அம்மா வாசற்படியில் நின்றார். நான் கையை எடுக்காமல் பாதத்தைப் பிடித்தபடி இருந்தேன். என்ன சொல்வாரோ என்று அப்பாவின் முகத்தைப் பார்க்கக்கூடத் தைரியம் இல்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ சோறு வடிக்கிற சத்தம் வந்தது.

"அடுத்த பஸ்ஸு எப்பக் கண்ணு?" என்றார்.

இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே கட்டிலில் அப்பா கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். அம்மா பக்கத்தில் ஸ்டூலில், முக்காட்டோடு, கையை மடியில் மலர்த்தி வைத்திருக்கிறார்.